நுரையும் உருக்கும் படித்த பேராசிரியர்

சிரில் ஸ்டான்லி ஸ்மித் (1903–1992). இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த உலோகவியலாளர். அமெரிக்காவில் பித்தளைக் கம்பெனி வேலை, அப்புறம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லாஸ் அலமாஸ், அதாவது அமெரிக்கா அணுகுண்டு செய்த ரகசிய ஆய்வகம். அங்கே குண்டுக்கான உலோகமான புளூட்டோனியம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சூடு மாற மாறப் படிக அமைப்பையே மாற்றிக்கொள்ளும், ஆறினால் நொறுங்கும். காலியம் என்ற இன்னொரு உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்து, வளைந்துகொடுக்கும் நிலையிலேயே அதைப் பிடித்து நிறுத்தியது இவர் குழு. நாகசாகி குண்டில் இருந்தது அந்தக் கலவைதான். அதை மறந்துவிட்டு இவரைப் புகழ என்னால் முடியவில்லை.

ஆனாலும் மனுஷன் சுவாரசியமானவர். உலோகத்துக்குள் படிகத் துகள்கள் எப்படி ஒட்டி நிற்கின்றன என்று காட்ட சோப்பு நுரையை எடுத்துக்கொண்டார். குமிழிச் சுவர்கள் மும்மூன்றாக, 120 பாகையில் சந்திக்கும்; உலோகத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

1946இல் சிகாகோவில் உலோக ஆய்வு நிறுவனம் தொடங்கினார், 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு (எம்.ஐ.டி.) போனார். இடையில், 1960இல், உலோகங்களின் உள்ளமைப்பை ஆராயும் உலோகவரைவியலின் வரலாற்றை எழுதினார். அதில் டமாஸ்கஸ் வாள்களுக்குத் தனி இடம் உண்டு. அந்த வாள்களின் மேல் தெரியும் அலையலையான கோடுகளுக்கு மூலப்பொருள் தென்னிந்திய உருக்கு!

அவருடைய காகிதங்கள் எம்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம்ம ஊர் உருக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் யாராவது போய்ப் புரட்டிப் பார்த்தால் தேவலை.