மும்மொழித் தேர்ச்சி என்று எழுதுமுன்

கொழும்பில் அலுவலக வேலைகளுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் குழுக்களில் அவ்வப்போது அமர்பவள் நான். எங்கள் பிள்ளைகளின் சுயவிபரக் கோவைகளில் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குவது, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் நேரே ஒரேமாதிரி இடப்பட்டிருக்கும் ‘மிக நன்று’ என்ற மதிப்பீடுதான். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர் சிங்களத்தில் தங்குதடையின்றிப் பேசுவார். அலுவலகக் கடிதமொன்றை வாசிக்கக் கொடுத்தால் திணறுவார். வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருப்பவருக்கோ, பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்த எழுத்துகள் நினைவிருக்கும், பேச நா எழாது. இருவரும் அதே ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டால் யாரை எந்த இருக்கையில் அமர்த்துவது? குழுவிலுள்ள சிங்கள அலுவலர் ஓரிரு கேள்விகளிலேயே உண்மையை அறிந்துகொள்வார். அதன்பின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்கள்.

ஆகவே பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் பிரித்து எழுதுங்கள். ‘சிங்களத்தில் வாடிக்கையாளருடன் தொலைபேசியில் உரையாடுவேன், கடிதங்களை வாசித்து விளங்கிக்கொள்வேன், எழுதுவதற்கு இன்னும் பயிற்சி தேவை’ என்று எழுதியவரை நான் தயங்காமல் நேர்முகத்துக்கு அழைப்பேன். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் பரீட்சையில் சித்தியடைந்திருந்தால் மட்டத்தையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள்.

தகைமைகளிலும் இதே மிகைப்படுத்தல் உண்டு. தேசிய தொழில் தகைமையின் 7 மட்டங்களில் 5ஆம் மட்டத்திலிருந்துதான் டிப்ளோமா தொடங்குகிறது. 4ஆம் மட்டச் சான்றிதழை அப்பெயரால் அழைப்பது முதற்பார்வையிலேயே பிடிபட்டுவிடும். பாதியில் நிற்கும் கணக்கியல் பரீட்சைகளுக்கு, சித்தியடைந்த கட்டத்தை மட்டும் எழுதுவதே முறை.

அனுபவத்தைப் பற்றி எழுதும்போது, அடக்கம் என்ற பெயரில் உண்மையைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது என்பேன். ‘கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்’ என்பதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. மாதந்தோறும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தயாரித்தவர் நீங்களா, தயாரித்தவருக்கு ஆவணங்களை எடுத்துக் கொடுத்தவரா என்பதைச் சொல்லுங்கள். இரண்டாவதும் மதிப்பான வேலைதான். 2020இலோ 2022இலோ வேலை இல்லாதிருந்த மாதங்களை மறைக்கத் திகதிகளை நீட்ட வேண்டாம். அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சமயம், திருமண நிலை, தந்தையின் தொழில் போன்றவற்றுக்கு, விளம்பரத்தில் கேட்டிருந்தாலன்றி, இடம் ஒதுக்க வேண்டியதில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் தெரிவான பின்னர் கொடுக்கலாம்: 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்று இலக்கங்கள் பிறந்த நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும், பெண்களுக்கு அந்நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். வயதைத் தனியே எழுதாவிட்டாலும் அதை அந்த இலக்கமே சொல்லிவிடும்.

இறுதியில் வழக்கமாகக் கேட்கப்படும் உறவினரல்லாத இருவரின் பெயர்களுக்குப் பலரும் சமாதான நீதவானையும் பழைய அதிபரையும் போடுகிறார்கள். அவர்கள் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்வார்களே தவிர, நீங்கள் வேலை செய்ததைக் கண்டவர்கள் அல்லர். ஒருவராவது உங்கள் வேலையை மேற்பார்வை செய்தவராக இருக்கட்டும். முன்கூட்டியே அனுமதி கேட்டு, அனுப்பப்போகும் பிரதியையே அவருக்கும் அனுப்பிவையுங்கள்.