இஞ்சி பீரும் அத்தையின் மூக்கும்

மச்சான் லீட்ஸிலிருந்து வந்து இறங்கியபோது பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஆறு பாட்டில் இருந்தது. ஒன்று 330 மில்லி, ஆக மொத்தம் 1980. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இரண்டு லிட்டர் வரைக்கும் மது கொண்டுவரலாம் என்பதால் 20 மில்லி குறைத்தே வாங்கியிருந்தான். அவ்வளவு கணக்குப் பார்த்தவன் விஸ்கி வாங்கக் கூடாதா? கேட்டேன்.

“மாமா, இது இஞ்சி பீர். போதை உள்ளது, 4 பர்சென்ட். நீங்க சோடாக்கடை வீட்டுப் பிள்ளை, எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். எங்கள் தாத்தா வேலூர் கொசப்பேட்டையில் கோலி சோடா போட்டவர். ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் எங்கள் வட ஆற்காட்டுக்கு வந்தது. கள்ளுக்கடை மூடியதால்தான் சோடாக்கடைக்குக் கூட்டம் வந்தது என்று தாத்தா சொல்வார். அவர் இஞ்சி சோடாவுக்குச் சாறு பிழிந்தால் உடனே ஊற்ற மாட்டார். தெளிய வைத்து, அடியில் தங்குகிற வெள்ளை வண்டலை விட்டுவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுப்பார். தோல் ஒரு துணுக்கு இருந்தாலும் திட்டு விழும். ‘இஞ்சிக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு’ என்ற பழமொழியை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, திட்டாகத்தான் கேட்டேன்.

மூன்று கம்பெனி, ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில். பெயர் வேண்டாம், சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதிவிட்டோம். பீர் போட்டிகளில் நடுவர்கள் 50-க்கு மார்க் போடுவார்களாம்: மணம் 12, பார்வை 3, சுவை 20, வாயில் இருக்கிற உணர்வு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. மச்சான் நோட்டில் கட்டம் போட்டே வைத்திருந்தான். பார்வைக்கு மூன்றே மார்க் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சுற்றைப் பகலில் வைத்ததுதான் தப்பு. வேலூர், மே மாதம், மணி இரண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். மூன்றுமே அமிர்தம். அந்த வெயிலில் குழாய்த் தண்ணீரைக் குளிர வைத்துக் கொடுத்திருந்தாலும் 40 மார்க் போட்டிருப்பேன். அத்தனை ஜில்லிப்பில் நாக்கு மரத்துப் போகிறது, மணமும் எழும்புவதில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டோம்.

இரண்டாவது சுற்று ராத்திரி ஒன்பது மணிக்கு, மொட்டை மாடியில். இருபது நிமிஷம் முன்பே வெளியே எடுத்து வைத்து, கண்ணாடி கிளாஸில், வாய்க்கு வாய் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு குடித்தோம்.

ஒன்றாம் நம்பர் திறக்கும்போதே பெரிய சத்தம். மூக்கில் இஞ்சி மிட்டாய் வாசனை. வாயில் வைத்ததும் உதடு சுள்ளென்றது, ஆனால் விழுங்கியபின் தொண்டையில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. மிளகாய்க் காரம் உதட்டிலும் நாக்கு நுனியிலும் பிடிக்கும். இஞ்சி அப்படி இல்லை, போனபின்தான் தொண்டையில் உட்காரும். லேபிளின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தால், பொடி எழுத்தில் மிளகாய்ச் சாறு! பிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம், பல்லில் ஒட்டிய சர்க்கரை ஒரு பக்கம். 24.

இரண்டாம் நம்பர் கலங்கலாக இருந்தது. கொஞ்சம் வண்டலும் கூட. தாத்தா இருந்திருந்தால் கிளாஸைத் திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால் மணம்! அப்போதுதான் நறுக்கிய இஞ்சி, பக்கத்தில் எலுமிச்சைத் தோல். தித்திப்பு மட்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் போதையும் வாயுவும் உண்டாகின்றன. அதை நன்றாகத் தின்ன விட்டால் தித்திப்பு போய் இஞ்சி துருத்திக்கொண்டு தெரியும். இதில் அப்படி விட்டிருந்தார்கள். காரம் விழுங்கிய பிறகு வந்து, தொண்டையில் நின்று, மெதுவாகக் காது வரைக்கும் போனது. கடைசியில் ஒரு கசப்பு, எலுமிச்சை விதையைக் கடித்த மாதிரி. அதற்காக மூன்று மார்க் குறைத்து 39.

மூன்றாம் நம்பர் பழுப்பு நிறம். கனமான, சூடான வாசனை. இதமாக இறங்கியது. நான் 41 சொல்லிவிட்டேன், மச்சானும் எழுதிவிட்டான். அந்த நேரம் பார்த்து, பகலில் காய வைத்த வடாம் துணியைச் சுருட்ட அத்தை மேலே வந்தார்கள். மருமகன் கையில் கிளாஸ். எழுந்து நிற்பதா, மறைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மச்சானுக்கு அதெல்லாம் கிடையாது, “அம்மா, இதை மோந்து மட்டும் பாரு” என்று நீட்டினான்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்றையும் மோந்தார்கள். இரண்டாவதில் கொஞ்சம் நின்றார்கள். மூன்றாவதை ஒரே நொடியில் திருப்பிக் கொடுத்தார்கள்.

“இது இஞ்சி இல்ல மாப்ள. சுக்கு.”

திரும்ப மோந்தேன். சுக்கேதான். சுக்குக் காப்பி குடித்து வளர்ந்த எனக்கு எப்படித் தெரியாமல் போனது? பச்சை இஞ்சிக்குக் காரம் தருகிற ஜிஞ்சரால் என்ற பொருள், காயும்போது ஷோகால் என்ற வேறொன்றாக மாறுகிறது. காரம் அதில்தான் கூட. பச்சை இஞ்சியின் எலுமிச்சை வாடை மட்டும் போய்விடும். சுக்கில் செய்வது குற்றமில்லை. ஆனால் லேபிளில் பச்சை இஞ்சிப் படத்தைப் போட்டுவிட்டு உள்ளே சுக்கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 41-ஐ அடித்து 34 போட்டேன். மறுநாள் ஆம்பூரிலிருந்து வந்த பிரியாணியோடும் எண்ணெய்க் கத்திரிக்காயோடும் மிச்சத்தைக் குடித்தபோது அதுதான் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கை மாற்றவில்லை.

இதை நாமே போட்டுப் பார்த்தால் என்ன என்று மச்சானுக்கு ஆசை. லீட்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் ‘இஞ்சி பீர்ச் செடி’ வளர்க்கிறாராம். பெயர்தான் செடி, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து ஜவ்வரிசி மாதிரி திரண்ட உறை அது. 1892-லேயே மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நாம் உறைமோர் வாங்குகிற மாதிரி அங்கே வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு பீர் போட 1963-லிருந்து லைசென்ஸ் வேண்டாம். இங்கே போட்டால் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். தவிர, நம் வெயிலுக்கு ஈஸ்ட் பேய் மாதிரி வேலை செய்து பாட்டிலை வெடிக்க வைத்துவிடும்.

அத்தை வடாம் துணியோடு படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல.

“ஊருக்குப் போறப்ப நல்ல இஞ்சியா ஒரு கிலோ வாங்கித் தரேன். அங்கயே போட்டுத் தொலை. இங்க மாப்ளய இழுக்காத.”