ஜூலை மழைக் கணக்கும் ஜிடிபியும்

செங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வரத் தொடங்கும் ஜூனில் ஆரம்பித்த வேலை. தினமும் காலை 8.30க்கு அளந்து கோப்பில் எழுதுவேன். மாத மொத்தத்தைக் கூட்ட சி மொழியில் சின்னதாக ஒரு நிரல்.

ஜூன் கணக்கு சரியாக வந்தது. ஜூலைக்கு 12 மி.மீ. என்றது. கொடியில் போட்ட துணி காயாத மாதம் அது! ஆகஸ்டுக்கு வெறும் பூஜ்யம்.

கோப்பில்தான் பிழை என்று நினைத்து இரண்டு நாள் எண்களைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. அப்புறம் வரிக்கு வரி, மதிப்பைத் திரையில் காட்டும் பிரிண்ட்எஃப் போட்டேன். திரை நிறைய எண்கள் ஓடின, கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. புனலூரில் வேலை பார்க்கும் நண்பன் போனில் சொன்னான்: "லே, ஜிடிபியில வாட்ச் போட்டுப் பாரு." ஜிடிபி (GDB) என்பது ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் பிழைதிருத்தி.

ஜிசிசி என்ற தொகுப்பியில், பிழைதிருத்திக்கு வேண்டிய தகவலைச் சேர்க்கும் -ஜி கொடுத்துத் தொகுத்தேன். முதலில் 28ஆம் தேதியில் நிற்கும்படி நிபந்தனையோடு ஒரு பிரேக். அங்கே நின்றதும் 'மொத்தம்' மாறிக்கு வாட்ச். இனி அதன் மதிப்பு மாறினால் நிரல் தானாக நின்று, பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் காட்டும். ஒவ்வொரு முறையும் கன்டினியூ கொடுத்தேன். 30ஆம் தேதி வரை ஒழுங்காக ஏறி 184 ஆனது. அடுத்த நிறுத்தத்தில் பழையது 184, புதியது 6. இன்னொரு கன்டினியூ, 6 போய் 12.

அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 31ஆம் தேதி பெய்தது 6 மி.மீ.! ஜிடிபி காட்டிய வரி கூட்டும் வரி. ஆனால் வாட்ச், மாற்றம் நடந்து முடிந்த பிறகுதான் நிற்கும். அதனால் மேல் வரியைப் பார்த்தேன்: அன்றைய மழையை 'நாள்' அணியில், அதாவது எண்களை வரிசையாக வைக்கும் இடத்தில், போடும் வரி. ஜூனில் எழுதிய நிரல் என்பதால் அணிக்கு 30 இடம்தான் கொடுத்திருந்தேன். சி மொழி அணியின் எல்லையைச் சோதிப்பதில்லை. மாறிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டில் அணிக்கு அடுத்து 'மொத்தம்' இருந்ததால் 31ஆவது எண் அதன் மேலேயே போய் உட்கார்ந்து, பிறகு தன்னோடு தானே கூடியிருக்கிறது. ஆகஸ்ட் 31 அன்று மழை இல்லை, அதனால் பூஜ்யம்.

30ஐ 31 ஆக்கினேன். ஜூலை 190 மி.மீ. அடுத்து, அரை மில்லிமீட்டர் அளவுகளையும் சேர்க்க நிரலை மாற்ற வேண்டும்.