ஒரு கட்டம், எத்தனை சென்ட்?

முதல் வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. ஜனவரியில் எடுத்த நீலகிரி செயற்கைக்கோள் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்துவிட்டு, "இதுல கேத்தி பள்ளத்தாக்கு எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்பேன். ஊட்டி ஏரியை யாராவது சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கிருந்து தென்கிழக்கே விரலை நகர்த்திக்கொண்டு வந்து, கேத்தி இருக்க வேண்டிய இடத்தில் முழிப்பார்கள். "சார், இங்க மலையில்ல இருக்கு?"

படத்தைத் தலைகீழாகத் திருப்புவேன். மலை அப்படியே குழிந்து பள்ளத்தாக்காகிவிடும். யாராவது ஒருத்தர் "அட!" என்பது நிச்சயம். பத்துப் பதினைந்து வருடமாகச் செய்தும் எனக்கு அது சலிக்கவில்லை.

காரணம் ரொம்ப எளிது. செயற்கைக்கோள் இந்தப் பக்கம் கடப்பது காலை பத்து, பத்தரை மணிவாக்கில். ஜனவரியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில் நிற்கும், நிழல் வடமேற்கில் விழும். நாமோ வடக்கை மேலே வைத்து அச்சடிக்கிறோம். அதனால் வெளிச்சம் கீழேயிருந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று பிறந்ததிலிருந்து பழகிய கண், மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் படித்துவிடுகிறது. மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தத் தொல்லையே தெரியாது. காவிரி டெல்டாவின் படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வயல் வயலாகத்தான் இருக்கும்.

2005இல் தொலையுணர்வும் (செயற்கைக்கோள் படங்களைப் படிப்பது) ஜிஐஎஸ்ஸும் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது) நடத்த இந்த மலைக்கு வந்தேன். அப்போது துறையில் இருந்தது ஒரே ஒரு படம், குறுந்தகட்டில். காசு கொடுத்து வாங்கியது என்பதால் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். மாணவர்கள் எல்லோரும் அந்த ஒரே தேதியின் நீலகிரியைத்தான் வருடக்கணக்கில் வகைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2008இல் தன் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் எல்லாவற்றையும் அமெரிக்கா இலவசமாகத் திறந்துவிட்டபோது, 1970களின் படங்களும் சேர்ந்தே வந்தன. அந்த வாரம் கல்லூரி இணைய இணைப்பை வேறு யாரையும் தொடவிடாமல் இரவு பகலாகத் தரவிறக்கினோம். மற்ற துறைக்காரர்கள் திட்டியது நியாயம்தான்.

டோப்போஷீட், அதாவது சர்வே துறையின் நிலவரைபடம், அதன் கதை வேறு. முதல் களப்பயணத்தில் எமரால்டு அணை ஓரத் தார் ரோட்டில் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுத்துவந்து பழைய வரைபடத்தின் மேல் போட்டால், நாங்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தோம். கருவியில் கோளாறு எதுவும் இல்லை. பழைய டோப்போஷீட் எவரெஸ்ட் கோளவடிவம் என்கிற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை வைத்து வரைந்தது, ஜிபிஎஸ் வேறொரு கணக்கில் ஓடுவது. இரண்டுக்கும் நடுவே நம் ஊர்ப் பக்கம் 100 மீட்டருக்கு மேல் விலகல் வரும். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. தண்ணீருக்குள் நின்றவர்கள் மறக்கவில்லை.

பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், என்றால் என்ன என்பதற்கும் நான் பாடப்புத்தக விளக்கத்தை விட்டுவிட்டேன். இங்கே படிக்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். ஒரு மாணவன் வீட்டில் படத்தைக் காட்டியிருக்கிறான். அவன் தாத்தா கேட்ட கேள்வி இது: "ஒரு கட்டம் எத்தனை சென்ட்டுடா?" மறுநாள் வந்து என்னிடம் கேட்டான். கணக்குப் போட்டோம். லேண்ட்சாட் கட்டம் 30க்கு 30 மீட்டர், சுமார் 22 சென்ட். நம் நாட்டுச் செயற்கைக்கோளின் லிஸ்-3 கேமரா என்றால் 23.5 மீட்டர், பதின்மூன்றரை சென்ட். லிஸ்-4 ஒரு சென்ட்டுக்கும் குறைவு. பிற்பாடு வந்த ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 இரண்டரை சென்ட். அன்றிலிருந்து என் வகுப்பில் தெளிதிறனைச் சென்ட்டில்தான் சொல்வது.

இனி கவாத்து விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் கடைசியில் எடுத்த படம். கோத்தகிரியைச் சுற்றி நிலப்பயன்பாட்டு வரைபடம் போடச் சொல்லியிருந்தேன். அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் படத்தில் தேயிலை வழவழவென்று இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும். சோலைக்காடு கருஞ்சிவப்பு, கம்பளி மாதிரிச் சொரசொரப்பு. கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புக்கு ஓரம் நேராக வெட்டினாற்போல் இருக்கும். மண் வெறுமையாக இருந்தால் நீலமும் சாம்பலும் கலந்த நிறம். மாதிரி இடங்களை நானே சுட்டிக்காட்டினேன், மென்பொருள் மீதியைப் பிரித்தது. வரைபடம் எவ்வளவு சரி என்று சில புள்ளிகளை வைத்துத் துல்லியக் கணக்கும் போட்டுப் பார்த்தோம், நன்றாகவே வந்தது. தேயிலைக்கு நடுவே ஆங்காங்கே தரிசுத் திட்டுகள். "பாருங்க, தோட்டங்கள் கைவிடப்படுது. பச்சைத் தேயிலை விலை விழுந்ததோட விளைவு இது" என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி நின்றாள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) வருகிறவள், வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"சார், அந்தத் தரிசு... அது எங்க மாமா தோட்டம் சார்."

"விட்டுட்டாரா?"

"இல்ல சார். கவாத்து பண்ணியிருக்காங்க."

எனக்குக் கவாத்து என்ற சொல் தெரியும். அது எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்தச் சனிக்கிழமை அவளே கூட்டிப்போனாள். இடுப்பளவு செடிகளை முழங்கால் அளவுக்கு வெட்டி, மேசை மேசையாகக் குச்சிகள் நின்றன. ஒரு இலை இல்லை. வெட்டிய கிளைகள் வரிசைக்கு நடுவே காய்ந்து கிடந்தன. அவள் மாமா ஒரு குச்சியைக் கீறி உள்ளே பச்சை இருப்பதைக் காட்டினார். நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை இப்படி வெட்டினால்தான் செடி கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும், கொழுந்தும் திடமாக வரும் என்றார். மூன்று மாதத்தில் வந்து பாருங்கள் என்றார். ஊரில் இருப்பதிலேயே நன்றாகப் பராமரிக்கிற தோட்டம் அது. நான் அதைத்தான் 'கைவிடப்பட்டது' என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன்.

துல்லியம் எப்படி நன்றாக வந்தது? சோதனைப் புள்ளிகளையும் அதே படத்திலிருந்து நானே எடுத்திருந்தேன். என் தப்பை என் தப்பை வைத்தே சரிபார்த்தால் நூற்றுக்கு நூறு கூட வரும்.

தரிசு என்கிற வார்த்தை மேலேயே அதற்குப் பிறகு எனக்கு ஒரு எரிச்சல் வந்துவிட்டது. இந்த மலையின் புல்வெளிகளை வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வீண் நிலம் என்று எழுதி வைத்து, அதன் பேரில்தான் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டுத் தள்ளினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. 1973 படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொல்ல வேண்டியதே இல்லை. பழனி மலையில் இதே மாதிரி படங்களை வைத்து நாற்பது வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பசுமைக் குறியீடான என்டிவிஐ கணக்கில் இது முன்னேற்றமாகத் தெரியும். உறைபனியில் கருகி ஜனவரியில் பழுப்பாகக் கிடக்கும் புல்லுக்குக் குறைந்த எண், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் சீகைக்கு அதிக எண். மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றுக்குப் போனபோது ஒரு தோடர் பெரியவர், தங்கள் கோயில் கூரை வேய்கிற புல் வளரும் சதுப்பைக் காட்டினார். எங்கள் வரைபடத்தின் குறிப்புப் பட்டியலில் அதற்குப் பெயரே இல்லை. இப்போது 'சதுப்புப் புல்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு ஒரு மாணவன் தேர்ந்தெடுத்த நிறம் கண்ணை உறுத்தும் ஊதா. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2009 நவம்பர் மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் மாணவர்கள் இரண்டு பேர் வீட்டிலும் சுவர் போயிற்று. சில மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நிலச்சரிவு அபாய வரைபடம் வேண்டும், அதுவும் சீக்கிரம். சரிவு, மண், நிலப்பயன்பாடு, ஓடை, ரோட்டிலிருந்து தூரம் என்று அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்தோம். எடையை யார் முடிவு செய்தது? நான்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு. பார்க்க அழகாக இருந்தது, கூட்டம் போட்டு ஊர்க்காரர்களுக்கும் காட்டினார்கள்.

குன்னூர்ப் பக்கம் அப்படி ஒரு கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "ஏங்க சார், எங்க வூடு செவப்புல இருக்குங்களா, மஞ்சள்ல இருக்குங்களா?"

ஆர்வமாகத் தேடிக் கொடுத்தேன். அவர் வீடு மஞ்சள் கட்டத்துக்குள் வந்தது. உயரத்துக்கு நாங்கள் எடுத்தது, 2000இல் விண்கலத்திலிருந்து ரேடாரில் அளந்த தரவு. நம் நாட்டுக்கு அப்போது கிடைத்தது 90 மீட்டர் கட்டம்தான். அதாவது ஒரு கட்டம் இரண்டு ஏக்கர். அவருடையது மூன்று சென்ட் வீடு. அந்த ஒரு கட்டத்துக்குள் அவர் வீடு, பக்கத்து நாற்பது வீடு, ரேஷன் கடை, பிள்ளைகள் பந்தடிக்கிற திடல் எல்லாம் சேர்த்து ஒரே சரிவு, ஒரே மஞ்சள். "உங்க வீடுன்னு தனியா இதுல இல்லைங்க" என்றேன்.

"அப்ப எதுக்குங்க இதக் காட்டறீங்க?"

பதில் இல்லாமல் அவரோடு போய் வீட்டைப் பார்த்தேன். வீடு கட்ட இடம் வேண்டும் என்று மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். நாலு மீட்டர் உயரம் இருக்கும். தடுப்புச் சுவர் இல்லை, மேலே தண்ணீர் பிரிந்து போக வாய்க்கால் இல்லை. எங்கள் கட்டம் அந்த வெட்டையும் திடலின் சமதளத்தையும் கூட்டி வகுத்து, மிதமான சரிவு என்று சொல்லிவிட்டது. மழைத் தண்ணீர் மேலே ஊறி, மண்ணின் பாரம் ஏறி, அடியில் பிடிமானம் இல்லாமல் இறங்குகிற இடம் இதே மாதிரி வெட்டுகள்தான். வீட்டம்மா டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மழை புடிச்சா சமையக்கட்டு மூலையில ஊத்து வருமுங்க. போன மழைக்கு அது கலங்கலா வந்துச்சு." கலங்கலாக வந்தது என்றால், உள்ளே மண் கரைகிறது.

அடுத்த வருடத்திலிருந்து பாடத்திட்டத்தைத் தொடாமல் வரிசையை மட்டும் மாற்றினேன். முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டர் அறை பூட்டியே இருக்கும். டேப், சரிவுமானி, நோட்டு. நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு வீடாகப் போக வேண்டும். துறைத்தலைவருக்கு இது பிடிக்கவில்லை. தொழில்நுட்பப் பாடத்தில் எதற்குக் கணக்கெடுப்பு வேலை என்றார். படிவத்தில் வெட்டின் உயரம், வீட்டுக்கும் வெட்டுக்கும் தூரம், வாய்க்கால் உண்டா இல்லையா என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் அந்த அம்மாவிடமிருந்து வந்தது: மழையில் வீட்டுக்குள் ஊற்று எங்கே வரும், என்ன நிறத்தில் வரும்.

நோட்டுகள் பீரோவில் இருக்கின்றன, பழைய குறுந்தகட்டுக்குப் பக்கத்தில். மேலே இருப்பதைப் புரட்டினால் ஒரு மாணவனின் கோழிக்கிறுக்கல்: 'வெட்டு 3.5 மீ. தூரம் 1 மீ. வாய்க்கால் இல்லை. ஊற்று, பூஜை அறை, தெளிவு. இந்த வருஷம் இடம் மாறி மாட்டுக் கொட்டகையில் வருதாம். மறுபடி போய்ப் பார்க்கணும்.'