வேலைக்கு நடுவே உங்களையும் கொஞ்சம் கவனியுங்கள்

மன அழுத்தம் பலருக்கு முதலில் உடம்பில்தான் தெரியும். தாடை இறுகும், தோள் மேலேறும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். மனசு மட்டும் "ஒன்றுமில்லை" என்று சாதிக்கும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கப் பார்க்காதீர்கள், நடக்காது. போனை எடுக்கும் முன், கதவைத் திறக்கும் முன் என்று தினமும் செய்கிற ஏதாவதொன்றோடு சேர்த்துவிடுங்கள். பல்லைக் கடித்திருக்கிறீர்களா? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் லேசாக விலகட்டும். பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். 5 முறை போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பின் வேலை அது.

பலர் சொதப்புவது இங்கேதான். நெஞ்சு நிறைய, வேகவேகமாக இழுப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பதற்றம் இன்னும் கூடும். வயிறு லேசாக அசைந்தாலே போதும். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் அதை விட்டுவிட்டு, கண்ணில் படும் 5 பொருள்களின் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்து, வந்திருப்பது கோபமா, பயமா, வெறும் பசியா என்று பிரித்துப் பாருங்கள். சில நேரம் பசிதான்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் 2 வாரம் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். அதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது.