இந்தத் தெருவில் எத்தனை புகைபோக்கி?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு 1890களில் கட்டியது. வீட்டுக்காரர் அதைப் பெருமையாகச் சொன்னார். என் கண்ணில் பட்டதோ வேறு: முன்னறையில் பலகை வைத்து அடைத்த கணப்படுப்பு, தூக்கினால் கடகடக்கும் ஜன்னல், சுவரெல்லாம் ஓதம். முதல் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டோடு மல்லுக்கட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியைக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. ஊரில் ஆறு வருஷம் பாடம் நடத்தியவள் நான். இங்கே வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தேன். அப்போதுதான் இரண்டாம் வகுப்புக்கு விக்டோரியா காலத்து வீடுகள் பாடம் வந்தது. விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணெல்லாம் எட்டாது. பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்ததும் ராஜா காலமும் அவர்களுக்கு ஒரே தூரம்தான்.

முதல் நாள் தாளில் இரண்டு வீடுகளின் படம், ஒன்று இன்றையது, ஒன்று பழையது. பழைய வீட்டில் இல்லாததை வட்டமிடு. ஃபிரிட்ஜ் இல்லை, டிவி இல்லை, வாஷிங் மெஷின் இல்லை. வட்டமிட்டார்கள், மதியத்துக்குள் மறந்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தாள் பிடிக்கவே இல்லை. 'இல்லை இல்லை' என்று அடுக்கினால் அந்தக் காலத்து மனிதர்கள் பாவப்பட்டவர்களாக மட்டும் தெரிவார்கள். அவர்கள் செய்த வேலை கண்ணில் படாது.

மறுநாள் பழைய பொருள் பெட்டி ஒன்றைத் திறந்தோம். அதில் ஓர் இஸ்திரிப் பெட்டி. நம்மூர்க் கரிப் பெட்டி மாதிரி உள்ளே கங்கு போடுவதில்லை. முழுக்க இரும்பு, அடுப்பு மேல் வைத்துக் காய்ச்ச வேண்டும். சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் ஒன்றால் தேய்க்கும்போது இன்னொன்று அடுப்பில் இருக்கும். ஒரு சிறுமி ஒரு கையால் தூக்கப் பார்த்து முடியாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதுக்கு வயர் எங்கே?" என்றாள்.

அடுத்தது துணி தோய்க்கும் வரிப்பலகை. அன்று பல வீடுகளில் திங்கட்கிழமை முழுக்கத் துவைப்புதான். ஆசிரியை ஒரு போர்வையை நனைத்துவிட்டு, எப்படிப் பிழிவது என்று தயங்கினார். நான் எழுந்தேன். அப்பாயியோடு வாய்க்கால் படித்துறையில் செய்தது கைக்கு அப்படியே வந்தது. ஒரு முனையை ஒரு பையனிடம் கொடுத்து, "நீ வலப்பக்கம் முறுக்கு, நானும் என் வலப்பக்கம் முறுக்குறேன்" என்றேன். போர்வை கயிறாகித் திரண்டது. நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. வகுப்பே வரிசையில் வந்து நின்றது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றை நான் சொல்லிக் கொடுத்தது அன்றுதான்.

அப்புறம் தெருவுக்கு அழைத்துப் போனோம். கூரை மேல் புகைபோக்கிகளில் நிற்கும் மண்குழாய்களை எண்ணச் சொன்னேன். ஒரு குழாய்க்கு ஓர் அடுப்பு. ஓர் அடுப்புக்குத் தினமும் ஒருவர் கரி சுமக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். "யார் சுமந்தாங்க?" என்றான் ஒருவன். வசதியான வீட்டில் வேலைக்கு வந்த பெண்கள். சிலருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசுதான். எங்கள் தெரு மாதிரி வீடுகளில் பெரும்பாலும் அம்மாவும் மூத்த மகளும். பிள்ளைகள் அதற்குப் பிறகு குழாய்களை மெதுவாக எண்ணினார்கள்.

பக்கத்திலேயே கிரீன்வே என்ற நடைபாதை இருக்கிறது. அதன் கீழே கழிவுநீர்ச் சுரங்கம் ஓடுகிறது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகு, பொறியாளர் ஜோசப் பசல்கெட் கட்டிய வலைப்பின்னலில் ஒரு பகுதி. அந்த மேட்டில் நின்று பிள்ளைகள் குதித்துப் பார்த்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாமான்களைவிட, வீட்டுக்கு வந்து போகும் குழாய்தான் பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுரங்கம் போய்ச் சேரும் பெக்டனில் 1870இல் தொடங்கிய எரிவாயு ஆலை நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்து லண்டன் விளக்குகளுக்கு அனுப்பியது. பல ஏழை வீடுகளில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும்தான்.

பாடத்துக்காகப் படித்ததில் என் வீடும் புரிந்தது. புகைபோக்கி வழியாக மூச்சுவிடக் கட்டிய வீடு அது. கணப்பை முழுக்க அடைத்ததால் ஈரம் உள்ளேயே தங்கியது. வீட்டுக்காரரிடம் பேசி, பலகையில் காற்றுத் துளை போட்டோம். பலகையைக் கழற்றியபோது பழைய புகைக்கரி பொலபொலவென்று செய்தித்தாளில் உதிர்ந்தது. ஒரு ஜாம் பாட்டிலில் அள்ளி வகுப்புக்குக் கொண்டு போனேன். கை மாறி மாறிப் போய்த் திரும்பி வந்தபோது பாட்டில் முழுக்கக் குட்டிக் குட்டிக் கருப்பு விரல் தடங்கள்.