காரில் ஏர் ஃபில்டர் இரண்டு

சர்வீஸ் பில்லில் 'ஏர் ஃபில்டர்' என்று ஒரு வரி இருந்தால், எந்த ஃபில்டர் என்று கேளுங்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றுக்கு ஒன்று, ஏசி வழியாக உள்ளே வரும் காற்றுக்கு ஒன்று. இரண்டையும் வீட்டு வாசலிலேயே மாற்றலாம், கூலி கொடுக்கும் அளவுக்கு வேலை இல்லை.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு தடித்த குழாய் வரும். அது போய்ச் சேரும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்தான் இன்ஜின் ஃபில்டர். மூடியை ஸ்டீல் கிளிப் பிடித்திருக்கும். சில மாடல்களில் ஸ்டார் ஸ்க்ரூ. இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். மூடியை முழுக்கப் பிடுங்க வேண்டாம், ஃபில்டரை உருவும் அளவுக்குத் தூக்கினால் போதும். பல கார்களில் அங்கே சென்சார் ஒயர் உண்டு. இழுத்த இழுப்பில் பிளக் கழன்றால் செக் இன்ஜின் விளக்கு எரியும்.

டப்பாவின் அடியில் மண், காய்ந்த இலை, சமயத்தில் வேப்பங்கொட்டையும் கடலைத்தோலும் கிடக்கும். கடைசி இரண்டும் இருந்தால் எலி குடியிருக்கிறது, ஒயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். குப்பையை ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஊதினால் அது இன்ஜின் பக்கம்தான் போகும்.

புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் சரியாக உட்கார வேண்டும். மூடியின் பின்பக்கக் கொக்கிகளை முதலில் மாட்டி, பிறகு கிளிப்பைப் போடுங்கள். கிளிப் முரண்டு பிடித்தால் அழுத்தாதீர்கள், ஏதோ ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடுக்கு வழியாகப் போகும் தூசி பிஸ்டன் ரிங்கைத் தேய்த்து, வண்டியை ஆயில் குடிக்க வைக்கும். சரியாக உட்காராத புது ஃபில்டருக்கு அழுக்கேறிய பழசே தேவலை.

பஞ்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா? உலர்ந்த தாள் ஃபில்டர் என்றால், சுத்தமான பக்கத்திலிருந்து, குறைந்த அழுத்தத்தில், தள்ளிப் பிடித்து அடிக்கலாம். எண்ணெய் தோய்ந்த தாளுக்கு அதுவும் ஆகாது. தண்ணீரில் கழுவுவது எந்தத் தாள் ஃபில்டருக்கும் கூடாது. கையேட்டில் 40,000 கி.மீ. என்று போட்டிருந்தாலும் செம்மண் சாலையிலும் லாரிகளுக்குப் பின்னாலும் ஓடும் வண்டிக்கு அதில் பாதிதான் கணக்கு.

'மைலேஜ் ஏறும்' என்று சொல்லி ஃபில்டரை விற்பார்கள். அது கார்புரேட்டர் (பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனையில், ஃபில்டர் அடைத்தும் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களின் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. குறைந்தது பிக்கப்தான்.

ஏசி காற்றுக்கான கேபின் ஃபில்டர் பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பாக்ஸைக் காலி செய்து, இரு பக்கச் சுவரையும் உள்ளே அழுத்தினால் பல மாருதி கார்களில் அது கீழே சாய்ந்துவிடும். பல ஹூண்டாய்களில் உள்பக்கம் இருக்கும் இரண்டு ஸ்டாப்பர்களைத் திருகி எடுக்க வேண்டும். பின்னால் நீளவாக்கில் ஒரு சின்ன மூடி தெரியும். குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் அதற்குள் ஒன்றுமே இருக்காது, கம்பெனியே போடவில்லை என்று அர்த்தம்.

பழசை உருவும்போது அழுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். புதிதில் 'ஏர் ஃப்ளோ' என்று அம்புக்குறி இருந்தால் அது காற்று போகும் திசை. 'அப்' என்றிருந்தால் அந்த முனை மேலே இருக்க வேண்டும் என்பது மட்டுமே. இரண்டையும் குழப்பித் தலைகீழாக மாட்டுவது சர்வ சாதாரணம்.

ப்ளோயர் நாலாம் வேகத்தில் இரைந்தும் காற்று வரவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். மாற்றியும் ஊசல் வாடை போகாவிட்டால் ஏசியை ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். புழுக்கமான நாளில்கூடத் தண்ணீர் சொட்டவில்லை என்றால் ஏசித் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் அடைத்திருக்கலாம். முன்சீட்டுக் கால்மிதியும் ஈரமாக இருந்தால் அதுவேதான், குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.